ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கார் எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு குனிந்து நின்றாள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். மேல்மூடியில் வைத்தாள், ஒன்றுமில்லை. தண்ணீர் பம்பில் வைத்தாள், உறுமல் மட்டும்தான். டைனமோவில் வைத்ததும் காதுக்குள் சுத்தியலால் அடிப்பது போல டக் டக்கென்று கேட்டது.

ஜன்னல் பக்கம் திரும்பி, “டைனமோப்பா,” என்றாள்.

உள்ளே கட்டிலின் இரும்புக் கம்பியில் கரண்டி இரண்டு முறை தட்டியது. ஒரு முறை என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். இரண்டு முறை என்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும். அன்று காலையில் அப்பா செய்த ஏற்பாடு இது. அவள் நிறுத்தினாள்.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘கிளட்ச், கிளட்ச்’ என்று கத்தியே காலம் தள்ளியவர் என்பதால் தெருவுக்கே அவர் கிளட்ச் ஐயா. இப்போது அந்தத் தொண்டையில் காற்று மட்டும்தான் மிச்சம். இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பி ஐந்து நாளாகிவிட்டது. யார் சொன்னாலும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் டாக்டர் சொன்னதையும் கேட்கவில்லை.

இரண்டு நாளாகக் கண்ணைத் திறக்காதவர், காலையில் அவள் மருந்து வாங்கிக்கொண்டு வந்து காரை உள்ளே விட்டபோது திறந்தார். “என்ன சத்தம் அது?” என்றார். அதுதான் முதல் பேச்சு. அவளும் அம்மாவும் முறை வைத்துக் கண்விழித்து எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருபத்தாறு வயதான காரை விசாரித்தார். அவளுக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் அப்பா மறுபடி ஒரு கேள்வி கேட்கிறார் என்பதே அந்த வீட்டில் புதிதாக இருந்தது. மருந்து கொடுத்த கரண்டியை அவர் திருப்பித் தரவில்லை. அதைக் கம்பியில் தட்டிக் காட்டி, எத்தனை தட்டுக்கு என்ன என்று மூச்சிலேயே சொன்னார். ராத்திரி முறை முடித்த அம்மா அப்போது உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளுக்கு எறும்புத்தலை அளவு திருகாணி முடுக்குவதுதான் அவள் வேலை. டைனமோவின் அடிப்பக்கத்து போல்ட் விரல் தடிமன் இருந்தது. கையால் பிடித்து ஆட்டினால் டைனமோவே ஆடியது. ஸ்பேனர் போட்டு, மூச்சைப் பிடித்து, நகம் ஒன்று உடைகிற வரைக்கும் முடுக்கினாள். எஞ்சினைப் போட்டாள். டக் டக் போய்விட்டது. ஆனால் கரண்டி சும்மா இருக்கவில்லை.

ஜன்னலில் போய் முகத்தை வைத்தாள். “போயிடுச்சேப்பா. இன்னும் என்ன?”

“இன்னொண்ணு இருக்கு. சின்னது.”

“எனக்குக் கேட்கல.”

“உனக்கு எப்பக் கேட்டிருக்கு?” என்றார். உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்புதான்.

அவளும் சிரித்தாள். வெகுநாள் கழித்து அப்பாவோடு சிரிக்கிறோம் என்று தோன்றியது. திரும்பி வந்து மறுபடி தேடினாள். பேட்டரியைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையின் நட்டு கழன்று, பட்டை சிலுசிலுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மனிதருக்கு மூச்சே சரியாக வரவில்லை, காது மட்டும் பாம்புக் காது. நட்டை முடுக்கிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவர் ஒன்று தட்டுவாரா, இரண்டு தட்டுவாரா என்று காத்திருந்தாள்.

தட்டு வரவில்லை. யோசிக்கிறார் என்று நினைத்தாள். சீட்டு முதுகுக்கு வாகாக இருந்தது. எஞ்சினின் அதிர்வு தொட்டிலை ஆட்டுவது போலக் காலிலிருந்து ஏறியது. கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டால் என்ன என்று மூடினாள்.

தோளை யாரோ உலுக்கினார்கள். அம்மாவின் ஈரக் கை.

“அதை நிறுத்து,” என்றாள் அம்மா. “அப்பா போயிட்டாரு.”

அவள் சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டில் இருந்த கடிகாரம் இருபத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது.

அதற்குப் பிறகு ஆள்மேல் ஆள் வந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். தம்பிக்குப் போன் செய்தாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னவன், “கஷ்டப்பட்டாராக்கா?” என்று கேட்டான். “இல்லடா,” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. கரண்டி எங்கே என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. அது அவர் கையிலேயே இருந்திருந்தால், நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறார். கீழே விழுந்து கிடந்தால், தட்டியிருக்கிறார், அவளைக் கூப்பிட்டிருக்கிறார், அவள் எழுந்து வரவில்லை. படுக்கை விரிப்பை மாற்றும்போது மடிப்பு மடிப்பாக உதறினாள். தலையணைக்கு அடியில் பார்த்தாள். செருப்பைத் தேடுவது போலக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். வந்தவர்கள் பாவம் என்பது போலப் பார்த்தார்கள். மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது, கரண்டி இல்லை.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சமையலறைக்குப் போனபோது கண்ணில் பட்டது. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவில், பளபளவென்று.

அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். முன்னறையில் உட்கார முடியாமல் ஏதோ வேலை இருப்பது போல உள்ளே வந்திருந்தாள்.

“இந்தக் கரண்டி இங்க எப்படிம்மா வந்துச்சு?”

“நான்தான் எடுத்துட்டு வந்தேன். எழுந்து வந்து பார்த்தா, மருந்து பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, கையில வச்சுக்கிட்டு விடமாட்டேங்கறார். சின்னப் பிள்ளை மாதிரி. விரலைப் பிரிச்சுத்தான் பிடுங்கினேன்.”

அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

“கரண்டி போனதும் விரலால கம்பியைத் தட்ட ஆரம்பிச்சுட்டார். நீ வேற எஞ்சினைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கே, அந்த இரைச்சல்ல யாருக்குக் கேட்கும்? கொஞ்சம் சும்மா இருங்களேன்னு ஒரு அதட்டு போட்டுட்டு வந்துட்டேன். கடைசியா அதட்டிட்டுத்தான் வந்தேன் பாரு.”

“எப்படித் தட்டினார்?”

“எப்படின்னா?”

“எத்தனை தடவைன்னு கேட்கறேன்.”

அம்மா யோசித்தாள். வலது கை விரல் தானாக அடுப்பு மேடையில் தட்டியது. இரண்டு. நிறுத்தி, மறுபடி இரண்டு. “இப்படித்தான். ரெண்டு ரெண்டா. ஏன் கேட்கறே?”

சத்தம் போய்விட்டது, நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். நிறுத்திவிட்டு உள்ளே வா என்றும் சொல்லியிருக்கலாம். இனி அதை யாரிடம் கேட்பது? அந்தக் கரண்டிதான் அப்பாவுக்குக் குரலாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூங்கிப்போனவளின் பாரத்தில் பாதியை அம்மா வாங்கிக்கொள்வாள். வாங்கி, சாகும்வரை தூக்குவாள். அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். ஐந்து நாள் தூங்காத தூக்கம் அதைச் சுற்றிக் கறுப்பாகக் கிடந்தது.

“சும்மாதான்,” என்றாள்.

“எதுக்கு அந்த நேரத்துல எஞ்சினைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தே?”

“சத்தம் வருதுன்னு அப்பா சொன்னார். பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

“பேசினாரா?” அம்மா நிமிர்ந்தாள். “உங்கிட்டப் பேசினாரா?”

“ம். எனக்குக் காதே கேட்காதுன்னு கேலிகூட பண்ணார்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சற்றுப் பொறுத்து, “அப்புறம், வண்டி சரியாச்சா?” என்றாள்.

“ஆச்சும்மா.”

“அவருக்குத் தெரியுமா?”

அவள் குழாயைத் திறந்து ஒரு டம்ளரை அடியில் வைத்தாள்.

“தெரியும்மா.”

அம்மா முகத்தைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தையல்காரரிடமோ வேறு யாரிடமோ அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், “காலையில பொண்ணோட நல்லாப் பேசியிருக்கார். வண்டியில என்னமோ சத்தமாம். அது போயிடுச்சுன்னு கேட்டுட்டுத்தான் போயிருக்கார்.” இன்னொருவர் வந்ததும் முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

அவள் டம்ளர்களை ஒவ்வொன்றாக நிரப்பித் தட்டில் அடுக்கினாள். எல்லாம் நிரம்பிய பிறகும், மூன்றாவது ஆளுக்கு அம்மா சொல்லி முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றாள்.