பேண்டேஜ் துணி ஏரோப்ளேன்

என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியனுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஃபேக்டரி. எங்கள் வீட்டில் காப்பி வடிகட்டுவதும் ஜன்னலுக்குத் திரை போடுவதும் அந்தத் துணியில்தான். வெளியே ஒரு முழம் துணி வாங்கினாலும் தறிக்கு அவமானமாம்.

1988-இல் இந்த மனுஷருக்கு ஏரோப்ளேன் கிறுக்குப் பிடித்தது. பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், அறுபது வருஷத்துக்கு முந்தைய சின்ன விமானத்தின் படம் பார்த்துவிட்டார். கார் மாதிரி மூடிய அறை, கதவு, அருகருகே இரண்டு சீட்டு. இறக்கை கூரைமேல் இருப்பதால் கீழே ஊரெல்லாம் மறைக்காமல் தெரியும். இறங்கியதும் இறக்கையைப் பின்னால் மடக்கி ஷெட்டில் நிறுத்திக்கொள்ளலாம். உடம்பு மரச்சட்டம், மேலே துணி. துணி என்று படித்ததோடு சரி, அதற்குமேல் அவர் எதையும் படிக்கவில்லை.

கோடவுனில் வேலை தொடங்கியது. முதலில் பறக்கப்போவது நாங்கள் இரண்டு பேரும்தான் என்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். விழுந்தால் இரண்டு பேருக்கும் எலும்புகூட மிஞ்சாது. இன்ஜின் பூட்டிய மெக்கானிக் சமுத்திரம் வேறு, காற்றுப் புகாத நெருக்கமான துணி வாங்கி வார்னிஷ் அடித்தால் நிச்சயம் பறக்கும் என்றான். அன்று மதியம் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"நம்ம துணி இருக்கும்போது வெளித்துணியாங்க? நாலு பேரு என்ன பேசுவாக?"

அவ்வளவுதான். நாலு மடிப்பு பேண்டேஜ் துணி, மேலே மைதாக் கஞ்சி. தினமும் காப்பி வடிகட்டுகிறவளுக்குத் தெரியாதா அந்தத் துணியின் யோக்கியதை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வறண்டு கிடந்த சோழபுரம் கண்மாயில் ஊரே கூடியது. நான் சிரித்த முகமாக ஏறி உட்கார்ந்தேன். என் தைரியத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். இன்ஜின் உறுமியதும் கஞ்சி பொருக்குப் பொருக்காக உரிந்து பின்னால் நின்றவர்கள் தலையில் விழுந்தது. கண்மாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குலுங்கிக் குலுங்கி ஓடினோம். தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. கரையில் ஒரே சிரிப்பு.

மனுஷர் இறங்கி இறக்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"துணியில ஒரு கோளாறும் இல்ல. இவ வெயிட்டுதான் தூக்க விடல. இவ எளைக்கட்டும், பொறவு பறப்போம்" என்று கூட்டத்திடம் அறிவித்தார்.

காது எரிந்தது. உண்மையைச் சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால் நாளைக்கே நெருக்கமான துணி வந்துவிடும், இவரும் மேலே போய்விடுவார். ஆமாம் என்று ஊருக்கு முன்னால் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கச்சி கிருபாபாய் பால்கோவாத் தட்டை நீட்டினாள். என் வெயிட்டைப் பற்றிக் கண்மாயில் அத்தான் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். நான் தட்டை விடவில்லை.

"ஏட்டி, கொண்டா இங்க. ஒங்க அத்தான் உசிரே இதுலதான் இருக்கு" என்றேன்.