குத்துப்பட்ட பெயர்கள்

மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தபடி நிதர்சனா வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். லொறி பற்றரியிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகிற வயர் அது. காலையிலிருந்து இரண்டு தரம் கழன்றுவிட்டது. மூன்றாந்தரம் கழன்றால் எல்லாம் முடிந்தது.

மேலே, றேடியோவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த கிறிஸ்தோப்பரின் கால்கள் பதற்றமாக ஆடின.

"பிள்ளை, வரிசை கூடுது."

"கூடாது அண்ணை. நாப்பத்திமூண்டுதான் போட்டனான். இனிக் குறையத்தான் வேணும்."

"நான் படிப்பில மொக்கன்தான். ஆனா நூற்றிப்பதினெட்டு நாப்பத்திமூண்டைவிடக் கூட எண்டு எனக்குத் தெரியும்."

அவசரமாக எழும்பியவளின் தலை மேசையில் மோதியது. தடவ நேரமில்லை. திரையைப் பார்த்தாள். அனுப்பக் காத்திருப்பவை: 118. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 131 ஆனது. பிறகு 150.

சுவர் மணிக்கூட்டில் பத்தே முக்கால்.

ஸ்கந்தபுரத்தில் இருந்த அந்த நிவாரண அலுவலகத்தில், 2001ஆம் ஆண்டு தை மாதம் வரைக்கும், ஒன்றோடு ஒன்று கதைக்காத இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. முதலாவது கோப்புப் பெட்டி. கிராமங்களிலிருந்து சைக்கிளில் வரும் பிளொப்பிகளில் உள்ள பட்டியல்களைக் கொம்பியூட்டர் வாங்கி அதில் அடுக்கி வைக்கும். இரண்டாவது றேடியோ வரிசை. அதில் போடுகிற ஒவ்வொரு செய்தியும் முறைக்குக் காத்து நின்று, ஒவ்வொன்றாக வவுனியாவுக்குப் பறக்கும். அங்கே இருக்கிறவர் 'கிடைத்தது' என்று ஒரு விசையைத் தட்டினால்தான் இங்கே வரிசையை விட்டு அகலும். இடையில் அலை அறுந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் தொலையாது.

இரண்டுக்கும் நடுவில் இருந்த பாலம் நிதர்சனாவின் பத்து விரல்கள். பெட்டியில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து வரிசைக்குள் தட்டுவாள். எட்டு மாதம் தட்டினாள். ஒன்பதாம் மாதம் அலுத்துப்போய், முப்பத்தெட்டு வரியில் ஒரு சின்ன நிரலை எழுதி இரண்டையும் தானாகவே பொருத்திவிட்டாள். பெட்டியில் ஒரு பட்டியல் விழுந்தால், அதில் உள்ள ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு செய்தியாகத் தானே போய் வரிசையில் நிற்க வேண்டும். போன கிழமை மருந்துப் பட்டியல் ஆங்கிலத்தில் போனது. ஒரு கீறல் இல்லை.

இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தமிழ்ப் பட்டியல்.

அதுவும் எப்படிப்பட்ட பட்டியல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு வவுனியாவில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை யுத்த எல்லைக்கு அந்தப் பக்கம், பொம்பிளை வீட்டுச் சனம் நாற்பத்துமூன்று பேரும் இந்தப் பக்கம். சோதனைச் சாவடி திறக்கிறது வெள்ளிக்கிழமை. அதை விட்டால் அடுத்த செவ்வாய். இன்று வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குள் பட்டியல் வவுனியாக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருக்க வேண்டும். அதுவும் அடையாள அட்டையில் உள்ளபடி தமிழில், அச்சில். றேடியோவில் வாயால் சொல்லி எழுதின பட்டியலைக் கச்சேரி இப்போது தொடுவதில்லை. முந்தி ஒருமுறை சாரங்காவைச் 'சங்கர்' என்று எழுதி, அந்தப் பிள்ளையைச் சாவடியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பன்னிரண்டைத் தாண்டினால் முகூர்த்தம் தாண்டும். அவ்வளவுதான் கணக்கு.

பொம்பிளையின் தாய் ஜெகதீஸ்வரி, இரணைமடுவிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்து, மூலையில் இருந்த கதிரையில் ஒரு பெரிய பிஸ்கற் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தகரம் நிறையப் பயற்றம் பணியாரம்.

"என்ன பிள்ளை, போயிட்டுதோ?"

"போகுது அம்மா."

"போகுதெண்டால் ஏன் உன்ர முகம் இப்பிடிக் கிடக்கு?"

"அவட முகம் எப்பவும் அப்பிடித்தான்," என்றார் கிறிஸ்தோப்பர். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர். படகு போனபிறகு றேடியோவைப் பிடித்தவர். கலியாணத்துக்கு அவருக்கும் அழைப்பு. பட்டியலில் அவருடைய பெயரும் இருந்தது. "இஞ்ச பாருங்கோ, இருநூற்றித் தொண்ணூறு. வலைக்குள்ள சூடை மீன் பட்ட மாதிரி ஏறுது."

"அண்ணை, வவுனியாவைக் கூப்பிடுங்கோ. அங்க என்ன போய் விழுகுது எண்டு கேளுங்கோ."

"ஒரே றேடியோ பிள்ளை. கதைச்சால் வரிசை நிக்கும்."

"நிக்கட்டும்."

கிறிஸ்தோப்பர் விசையை மாற்றி ஒலிவாங்கியைத் தூக்கினார். "வவுனியா, வவுனியா, ஸ்கந்தபுரம். உங்களுக்கு என்ன வருது? ஓவர்."

கரகரப்புக்குள் இருந்து ஒரு இளம் குரல் வந்தது. வவுனியா அலுவலகத்து கோகுலன். "வருது ஸ்கந்தபுரம். ஆனா ஆக்களெல்லாம் அரைகுறையா வருகினம். பேர்களை வாசிக்கிறன், கேளுங்கோ. விமலேஸ. அருந. பொன. துசியந. கிறிஸ. ஓவர்."

"கிறிஸவோ?" கிறிஸ்தோப்பர் நெஞ்சில் கை வைத்தார். "ஞானஸ்நானம் தந்த சுவாமியார் கேட்டிருந்தா அழுதிருப்பார்."

நிதர்சனா ஒலிவாங்கியை வாங்கினாள். இரண்டு அலுவலகத்துச் சுவரிலும் ஒரே அறிவித்தல் ஒட்டியிருந்தது: றேடியோவில் சொந்தக் கதை கதைக்கக் கூடாது. ஆகவே அவள் குரல் எப்போதும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாகத்தான் இருக்கும். "வவுனியா, முழுசா வந்த பேர் ஏதும் இருக்கோ? ஓவர்."

"மூண்டு பேர் இருக்கினம். கணபதி, சுசிலா, டிலுசா. அவைக்கு ஒரு காயமும் இல்லை. மிச்சம் எல்லாம் துண்டு துண்டாக் கிடக்கு. ஓவர்."

மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதினாள். கீழே வெட்டுப்பட்ட ஐந்தையும் எழுதினாள். நீளமா காரணம்? கணபதியும் நாலு எழுத்து, பொன்னையாவும் நாலு எழுத்து. வயதா? கணபதிக்கு எழுபது, டிலுசாவுக்கு ஆறு. ஊரா? எல்லாரும் ஒரே வாய்க்கால் தண்ணி குடிக்கிறவர்கள். பென்சிலின் அடியைக் கடித்தாள்.

ஜெகதீஸ்வரி தகரத்தோடு எழும்பி வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருசம் அரிவரி வகுப்பு எடுத்தவர். தாளில் எழுத்தைக் கண்டால் திருத்தாமல் இருக்க மாட்டார்.

"இந்த மூண்டும் நல்ல பேருகள். அரிவரிப் பிள்ளையளுக்கு முதல் எழுதக் குடுக்கிறது இப்பிடிப் பேருகள்தான்."

"ஏன் அம்மா?"

"குத்து இல்லையே. கணபதியில எங்க குத்து? சுசிலாவில எங்க குத்து? குத்து வைக்கப் பழக்கிறது பிறகு."

நிதர்சனாவின் வாயிலிருந்து பென்சில் விழுந்தது.

மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற குத்து. அவளுடைய தமிழ் எழுத்துருவில் அந்தக் குத்துக்கு எந்த விசை? ஆங்கிலத்து அரைப்புள்ளி விசை. திரையில் குத்தாகத் தெரிந்தாலும், கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் அது அரைப்புள்ளிதான். றேடியோ வரிசைக்கு அரைப்புள்ளி என்றால் என்ன? 'செய்தி முடிந்தது, அடுத்தது வரட்டும்.'

பொன்னையாவில் 'ன்' வந்ததும் றேடியோ கடிதத்தை மூடி ஒட்டிவிட்டது. மிச்சத்தைப் புதுக் கடிதம் என்று நினைத்து வரிசையில் விட்டது. அதிலும் ஒரு குத்து வர, அதையும் வெட்டியது. நாற்பத்துமூன்று மனிதர்களின் பெயர், ஊர், உறவு, நோக்கம் எல்லாவற்றிலும் உள்ள ஒவ்வொரு குத்திலும் ஒரு வெட்டு.

"கடைசியா எவ்வளவு அண்ணை?"

"அறுநூற்றிப் பதினொண்டு. நிண்டிட்டுது."

"குத்து உள்ள ஆக்களெல்லாம் குத்துப்பட்டுக் கிடக்கினம்," என்றாள் நிதர்சனா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணிக்கூடு பதினொன்று ஐந்து காட்டியதால் அதை அடக்கினாள்.

வழி இருந்தது. வரிசைக்குள் போகமுதல் குத்தை எடுத்துவிட்டு, வேறு ஏதாவது ஓர் எழுத்தை அந்த இடத்தில் வைத்து அனுப்ப வேண்டும். வவுனியாவில் அந்த எழுத்தை எல்லாம் திரும்பவும் குத்தாக மாற்ற வேண்டும். ஆனால் எந்த எழுத்து? எவருடைய பெயரிலும் ஊரிலும் தப்பித்தவறியும் வராத எழுத்தாக இருக்க வேண்டும். விசைப்பலகையை மேலிருந்து கீழே பார்த்தாள். நட்சத்திரக் குறியில் விரல் நின்றது. அவளுடைய எழுத்துருவில் அந்த விசையைத் தட்டினால் 'ழூ' விழும்.

"அண்ணை, ழூ எண்டு ஒரு எழுத்து எந்தப் பேரிலயாவது கேள்விப்பட்டனீங்களோ?"

"ழூவோ? மாட்டை மறிக்கிற சத்தம் மாதிரிக் கிடக்கு. அப்பிடி ஒருத்தர் பட்டியலுக்குள்ள வந்தால்?"

"வந்தால் அவரை நான் வவுனியாவுக்குத் தோளில தூக்கிக்கொண்டு போய் விடுறன்."

நிரலில் முப்பத்தொன்பதாவது வரி ஏறியது. ஒரே வரி. குத்துக்குப் பதில் ழூ. ஆனால் வரிசையின் தலையில் அறுநூற்றுப் பதினொரு துண்டுகள் நிற்கின்றன. அந்த மென்பொருளில் இங்கிருந்து எதையும் அழிக்க முடியாது. அனுப்பினவர் அழித்தால் செய்தி தொலையும் என்று பயந்து அப்படிச் செய்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 'கிடைத்தது' தட்டினால்தான் வழி விடும்.

"வவுனியா, கவனமாக் கேளுங்கோ. இப்ப வாற அறுநூற்றிப் பதினொண்டும் குப்பை. ஒண்டையும் வாசிக்க வேண்டாம். ஒவ்வொண்டுக்கும் கிடைத்தது தட்டுங்கோ. பிறகு சரியான நாப்பத்திமூண்டு வரும். அதில கிடக்கிற ழூ எல்லாத்தையும் குத்தாக மாத்தி அச்செடுங்கோ. விளங்கினதோ? ஓவர்."

கரகரப்புக்குள் இருந்து கோகுலனின் குரல் திரும்பவும் வந்தது.

"ழூ எண்டோ சொன்னீங்கள்? ஓவர்."

"ஓம். ழூ. ஓவர்."

"அறுநூற்றிப் பதினொரு தரமோ தட்டுறது? ஓவர்."

"ஏன், ஏலாதோ? ஓவர்."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது. தட்டுறன். ஓவர்."

விசை மாறியது. இனிக் கதை இல்லை, எண் மட்டும்தான். 611. 610. 609. மூன்று பேரும் திரைக்கு முன்னால் கூடினார்கள். ஜெகதீஸ்வரி ஒவ்வொரு நூறு குறையும்போதும் ஒரு பணியாரம் எடுத்து, கேட்காமலே நிதர்சனாவின் வாய்க்குள் திணித்தார். ஐந்நூறில் ஒன்று. நானூறில் ஒன்று. மணி பதினொன்று இருபது.

"பெடியன் விடாமத் தட்டுறான்," என்றார் கிறிஸ்தோப்பர். "சம்பளத்துக்கு ஒருத்தரும் இப்பிடித் தட்டமாட்டினம்."

நிதர்சனா வாய் நிறைந்த பணியாரத்தை மென்றுகொண்டு திரையையே பார்த்தாள்.

முந்நூற்றி நாற்பதில் எண் நின்றது. ஒரு நிமிடம். ஒன்றரை. அலை போயிற்றோ? நிதர்சனா மேசைக்குக் கீழே பாய்ந்து வயரைப் பிடித்துப் பார்த்தாள். வயர் இறுகத்தான் இருந்தது.

"கை மாத்துறான் போல," என்றார் கிறிஸ்தோப்பர்.

339. 338. உண்மையிலேயே கை மாற்றியிருக்க வேண்டும். இப்போது கொஞ்சம் மெதுவாக, ஆனால் நிற்காமல் இறங்கியது. பதினொன்று நாற்பதுக்குக் கடைசித் துண்டும் போய் முடிந்தது. நிதர்சனா பட்டியலைத் திரும்பவும் பெட்டியில் போட, அடுத்த கணம் வரிசையில் 43 என்று விழுந்தது. விழுந்தது கூடவில்லை. 42. 41. ஒவ்வொருவரும் முழு ஆளாக, குத்துக்குக் குத்து ழூவோடு, ஸ்கந்தபுரத்தை விட்டுப் பறந்தார்கள்.

"அப்ப நான் இப்ப கிறிஸழூதோபழூபரழூ," என்று கிறிஸ்தோப்பர் நாக்கைச் சுழற்றிச் சொல்லிப் பார்த்தார். ஜெகதீஸ்வரி தகரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்ர பேரைச் சொல்லுங்கோ தம்பி." "ஜெகதீஸழூவரி." "ஐயோ, பல்லுக் கழண்டிடும்."

பதினொன்று ஐம்பத்திரண்டு. வரிசை: 0.

வவுனியாவில் கச்சேரி, அலுவலகத்துக்கு நேர் எதிரே. அச்செடுக்க மூன்று நிமிடம். தெருவைக் கடக்க ஒரு நிமிடம். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு இருபது. றேடியோ வெறுமனே கரகரத்தது. ஜெகதீஸ்வரி சிரிப்பை நிறுத்தி, பிள்ளையாரின் பெயரை முணுமுணுக்கத் தொடங்கினார்.

"ஸ்கந்தபுரம், ஸ்கந்தபுரம், வவுனியா." கோகுலனுக்கு மூச்சு வாங்கியது. "பட்டியல் நேரத்துக்குப் போயிட்டுது. நாப்பத்திரண்டு பேருக்கு முத்திரை விழுந்திட்டுது. ஓவர்."

நாற்பத்திரண்டு. ஒன்று குறைந்தது.

"வவுனியா, நாங்கள் அனுப்பினது நாப்பத்திமூண்டு. எந்தப் பேர் நிக்குது? ஓவர்."

"முதலாவது. பேரில குத்தெல்லாம் சரி. நோக்கம் எண்ட இடத்திலதான் பிரச்சினை. மற்ற எல்லாருக்கும் 'திருமணத்துக்குச் செல்லல்' எண்டு கிடக்கு. இதில மட்டும் 'திருமணம் செய்தல்' எண்டு கிடக்கு. தட்டச்சுப் பிழையோ எண்டு கச்சேரிக் கிளாக்கர் கேக்கிறார். பட்டியல் அனுப்பினவர் வாயால சொன்னால் முத்திரை குத்துவாராம். மனிசன் முத்திரையோட எனக்குப் பக்கத்தில நிக்கிறார். ஓவர்."

நிதர்சனா ஒலிவாங்கியை எடுத்தாள். சுவரில் இருந்த அறிவித்தலை ஒருமுறை பார்த்தாள். கிறிஸ்தோப்பர் யன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயத்தைக் கண்டவர் போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிழையில்லை வவுனியா," என்றாள். அந்த விறைத்த குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "முதலாவது பேர் நிதர்சனா. அது நான்தான். மற்ற நாப்பத்திரண்டு பேரும் கலியாணத்துக்கு வருகினம். நான் செய்ய வாறன். ஓவர்."

கரகரப்புக்கு நடுவே, திறந்திருந்த ஒலிவாங்கியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. முத்திரை.

பிறகு கோகுலனின் குரல். அதுவும் விறைப்பைக் கழற்றிவிட்டிருந்தது.

"ஸ்கந்தபுரம், பொம்பிளையின்ர தாயிட்ட ஒண்டு சொல்லிவிடுங்கோ. மாப்பிள்ளையின்ர ரெண்டு கை விரலும் தட்டித் தட்டி வீங்கிக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை மோதிரம் போடேக்க, என்ர விரலைக் கொஞ்சம் பாத்துப் பிடிக்கச் சொல்லுங்கோ உங்கட மகளை. ஓவர்."