தக்காளிக் கை

செவ்வாய். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். விட்டால் பின்னால் நானே மாற்றி நினைத்துக்கொள்வேன்.

பகலில் பரவை காய்கறி மார்க்கெட்டில் பில் போடுகிறேன். மாலையில் கோரிப்பாளையத்தில் இந்துப்ரியா மேடத்தின் லேப் வகுப்பு. ஈஸ்ட் செல்கள் தங்கள் டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்னும் நகலை எடுக்கின்றன. அந்த நகலைச் சிதையாமல் பிரித்துக் காட்டுபவருக்கு ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. இருப்பது ஒரே இடம். நகலோ மிக மென்மையானது. வெறும் விரல் பட்டால் போதும், தோலில் இருக்கும் நொதி அதைத் துண்டு துண்டாக்கிவிடும்.

போன மாதம் என்னுடையது அப்படித்தான் கெட்டது. கையுறை கிழிந்திருந்ததா, இன்றுவரை தெரியவில்லை. கூடப் படிக்கும் ஸ்ரீநாத் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மேடம், அது தக்காளி பொறுக்குற கை. எம்புட்டு கழுவுனாலும் போகாது." அன்றிலிருந்து வகுப்பில் பாண்டீஸ்வரி என்ற என் பெயர் தக்காளி ஆனது.

இன்று ஆறே முக்காலுக்கு அவன் போன் பேச வெளியே போனான். அவனுடைய ட்யூப் ஐஸில் இருந்தது. கையுறையைக் கழற்றினேன். மூடியைத் திறந்து அதன் உட்புறத்தில் ஆள்காட்டி விரலைத் தேய்த்தேன். திரும்ப மூடி, ட்யூபை இரண்டு முறை கவிழ்த்து ஐஸிலேயே வைத்தேன். கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். 

ஏழரைக்கு ஜெல்லைப் பார்த்தோம். நகல் முழுசாக இருந்தால் அதில் கோடாகத் தெரியும், சிதைந்திருந்தால் மங்கலாகப் பரவும். என்னுடையதில் இரண்டு தெளிவான கோடுகள். அவனுடையதில் வெறும் மங்கல்.

"என்ன ஸ்ரீநாத், நீ எந்த மார்க்கெட்டு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதமாகக் காத்திருந்த சிரிப்பு.

அவன் மேடத்திடம் திரும்பினான். "தப்பு என்னோடதுதான் மேடம். போன் புடிச்ச கிளவுஸோட ஒரு துளிய வேற ட்யூபுக்கு மாத்தி, அதத்தான் ஜெல்லுல விட்டேன். அப்புறந்தான் வெளிய போனேன். மொத ட்யூபுல மிச்சம் அப்படியே இருக்கு."

அப்படியானால் அவன் துளியை அவனே கெடுத்திருக்கிறான். என் விரல் பட்டது மிச்சம் இருக்கும் முதல் ட்யூபில்; அது இன்னும் ஜெல்லுக்கே வரவில்லை. எனக்கு வந்த ஏமாற்றத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"மிச்சத்த நாளைக்கு ஜெல்லுல ஓட்டுங்க," என்றார் இந்துப்ரியா மேடம். "நல்லா வந்தா உங்க ரெண்டு பேர்ல யாருன்னு பாக்குறேன். வரலைன்னா வேலை பாண்டீஸ்வரிக்குத்தான். ஏம்மா, அத ஃப்ரீசர்ல வச்சிரு."

ஸ்ரீநாத் ட்யூபை நீட்டினான். "பாத்துப் புடி, தக்காளி. என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு."

அதைத் தொட்டுவிட்டேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். 

புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வாங்கினேன். ட்யூபின் மேல் அவன் பெயர் ஈரத்தில் கலைந்திருந்தது. பேனாவை எடுத்து அதன் மேலேயே அழுத்தி எழுதினேன். நாளை அது யாருடையது என்று யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது.