கெட்டில் கவிழ்ந்த தகடு

உடைந்த தகட்டைச் சாக்கில் சுற்றி, அடுப்பு வார்க்கும் ஃபவுண்டரிக்கே தூக்கிக்கொண்டு வந்தான் பாருங்கள், அதுதான் ஆஸ்லே செய்த முட்டாள்தனம். வேறு எங்கே கொண்டுபோயிருந்தாலும் தப்பித்திருப்பான்.

வீட்டு விறகடுப்பின் மேல்தகடு அது. மேசைமேல் போட்டு, "காபி கெட்டில் கவுந்துடுச்சுப்பா. சூட்டுமேல தண்ணி பட்டு வெடிச்சிருச்சு" என்றான்.

போர்மேன் யோஸ்டைன் தகட்டைப் பார்த்தார். வார்ப்பைத் தேய்க்கும் ஸோல்வி பார்த்தாள். இரும்பு ஊற்றும் களத்து ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். சூட்டில் வெடித்த இரும்பில் ஓரத்திலிருந்து ஒற்றைக் கோடு ஓடும். அடிபட்டால்தான் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் சிதறும். மர அறுவை ஆலையில் வேலை பார்க்கும் ஆஸ்லேவுக்கு அது தெரியாது. இங்கே எல்லாருக்கும் தெரியும். தகட்டில் விரிசல் நட்சத்திரம் போல் சிதறிக் கிடந்தது.

"உங்க வீட்டு கெட்டிலுக்குக் கோடரிக் காம்பா போட்டிருக்கீங்க?" என்றாள் ஸோல்வி.

யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்லேவின் மனைவி எல்ட்ரிட் கையில் சிறு சுத்தியலுடன் நின்று அவர்களைப் பார்த்தாள். கண்ணிருக்கிறது, எலும்பைப் பொடியாக்கும் தோள் இருக்கிறது, வாயை மட்டும் பூட்டிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது இவன்களுக்கு.

அவள் வேலை, வார்த்தெடுத்த தகடுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்பது. நல்ல வார்ப்பு மணியாய் ஒலிக்கும். விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். அந்த வேலையோடு ஃபவுண்டரி மாடியில் ஓர் அறை கிடைக்கும். அறை எடுப்பவர் தனக்குப் பிடித்த அடுப்பைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளலாம் என்பது ஃபவுண்டரி வழக்கம். வீட்டை விட்டு வர, அந்த அறை வேண்டுமென்று தன் பெயரைக் கொடுத்திருந்தாள். ஞாயிறன்று அது ஆஸ்லே காதுக்கு எட்டியது. முதலில் அவளுடைய இடது காதில் ஓங்கி அறைந்தான். அப்புறம் கோடரியை வீசினான். அவள் குனிந்தாள். அடியை அடுப்பு வாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து இடது காதில் ஒரு விசில் மட்டும்தான். யாரிடமும் சொல்லவில்லை. காது போனால் வேலை போகும், வேலை போனால் அறை போகும், அறை போனால் அந்தக் கோடரி இருக்கும் வீடுதான்.

"இந்த மாடல் இப்ப வார்க்கறதில்ல. புதுசே பாத்துக்க" என்றார் யோஸ்டைன். அவ்வளவுதான் சொன்னார்.

பக்கத்துக் கூடத்தில் அடுப்புகள் வரிசையாய் நின்றன. எல்லாரும் அங்கே போனார்கள். ஆஸ்லே இருப்பதிலேயே பெரியதாக, பக்கவாட்டில் கடமான் உருவம் வார்த்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். எல்ட்ரிடின் இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னான். அவள் திரும்பவில்லை.

அவனுக்குப் பொறி தட்டியது. சிரித்துக்கொண்டே கத்தினான்: "யோஸ்டைன்! இவ செவிடுப்பா! செவிட்டை வெச்சுக்கிட்டா தகடு கேக்கற? வீட்டுக்கு அனுப்பிவிடு, நான் பாத்துக்கறேன்."



எல்ட்ரிட் வலது காதைச் சாய்த்து, கடமான் அடுப்பைத் தட்டினாள். அது மணியாய் ஒலித்தது. "நல்ல வார்ப்பு" என்றாள். சிறு சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரோரம் இருந்த சம்மட்டியை எடுத்தாள். இரண்டு கையாலும் ஓங்கி மேல்தகட்டில் போட்டாள். நட்சத்திரம் விழுந்தது. பழைய தகட்டைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வீசினாள்.

"இதுவும் கெட்டில்தான், ஆஸ்லே."

அவன் பாய்ந்து வந்து முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தை அடுப்பின்மேல் மோதினான். மூக்கு உடைந்தது. மறுபடி மோதினான். அவள் இடுப்பிலிருந்த சிறு சுத்தியலை உருவி, முடியைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டில் இறக்கினாள். வலது காதில் துல்லியமாகக் கேட்டது: விரிசல் விட்ட பொருளின் செத்த சத்தம்.

அவன் மண்டியிட்டு அலறினான். அவள் மறுபடி ஓங்கினாள். அப்போதுதான் ஆண்கள் ஓடிவந்து அவனைப் பிடித்தார்கள்.

"போதும், எல்ட்ரிட்!" என்றார் யோஸ்டைன்.

"ஓ, உனக்கு வாய் இருக்கா?" என்றாள். இரத்தத்தை உறிஞ்சித் துப்பினாள். "ஒரு காது போச்சு. இன்னொண்ணு இருக்கு. இப்ப என்ன சத்தம்னு கேட்டீங்கள்ல? நானும் கேட்டேன்."

மூலையில் இருந்த மிகச் சிறிய அடுப்பிடம் போனாள். ஒற்றை விறகு மட்டுமே கொள்ளும். முகத்திலிருந்து சொட்டியது அதன் கதவில் விழுந்து வழிந்தது. தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இதை மாடிக்கு ஏத்துங்க."

"அறை இன்னும் முடிவாகலம்மா" என்றார் யோஸ்டைன் தயங்கி.

"முடிவாச்சான்னு நான் கேக்கல."

ஸோல்வி வந்து அடுப்பின் ஒரு பக்கத்துக் கால்களைப் பிடித்தாள். மறுபக்கம் காலியாக இருந்தது. யோஸ்டைன் உடைந்த கடமான் அடுப்பைப் பார்த்தார், எல்ட்ரிடைப் பார்த்தார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தார்.