பின்மூலைச் சுவருக்கு ஓர் அறிக்கை

1978 ஐப்பசி மழையில் எங்கள் புது வீட்டின் பின்சுவர் வெடித்தது. செண்பகனூரில் சரிவான ஒரு துண்டு நிலத்தில் நானும் என் வீட்டுக்காரர் உபகாரமும் கட்டிய வீடு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவருக்குத் தபால் ஆபீசில் வேலை. பதினோரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டுக் குடிவந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஓடியது வெடிப்பு. கீழே நூல் அளவு. மேலே என் சுண்டுவிரல் நுழையும்.

கட்டியவர் லூர்துசாமி கொத்தனார். ஆள் அனுப்பிய அன்றே வந்தார். தூக்குக்குண்டை விட்டுச் சுவரின் நேரைப் பார்த்தார்.

"கலவையில நான் கை வைக்கல டீச்சர். சிமெண்டு ஒண்ணுக்கு மணல் அஞ்சுன்னுதான் போட்டேன். எதனாலன்னு எனக்கே வெளங்கல."

"கட்டுன ஆளுக்கே வெளங்கலைன்னா வேற யாருக்கு வெளங்கும்? மண்ணைப் போட்டுக் கட்டினா இப்படித்தான் ஆகும்" என்றேன்.

அவர் தூக்குக்குண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், குழாயடியில் சொன்னேன், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குள் லூர்துசாமிக்கு வரவேண்டிய ஒரு பெரிய காம்பவுண்டு சுவர் வேலை வேறு ஆளுக்குப் போனது. அவர் மனைவி கித்தேரியம்மாள் என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விலகிப் போனாள். எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

பொங்கல் கழிந்ததும் கேஸ் போடலாம் என்று வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். "எதுக்கு வம்பு" என்று உபகாரம் வர மறுத்தார். அவருடைய இளகின மனசு என்று நினைத்துக்கொண்டு தனியாகவே போனேன்.

வக்கீல் குருநாதன் எல்லாவற்றையும் கேட்டார்.

"போடலாம்மா. நீங்க ஒரு ஆளக் கூட்டியாந்து கொத்தனார் மேல தப்புன்னு சொல்ல வைப்பீங்க. அவரு ஒரு ஆளக் கூட்டியாந்து இல்லைன்னு சொல்ல வைப்பாரு. அஞ்சு வருஷம் போயிரும். சுவரு அதுவரைக்கும் நிக்குமா? அதுக்குப் பதிலா, ரெண்டு பேருக்கும் பொதுவான ஒருத்தரு வந்து பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். அவரு சொல்றத ஏத்துக்கிறோம்னு முன்னாடியே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

பழனியில் இருந்த தண்டாயுதபாணியின் பெயரைச் சொன்னார். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கான கூலியை ஆளுக்குப் பாதி கொடுப்பதாகப் பேச்சு. லூர்துசாமி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். "எனக்கும் தெரியணும்ல சார், எங்க தப்புன்னு" என்று மட்டும் வக்கீலிடம் சொன்னாராம்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை தண்டாயுதபாணி சார் பஸ் மாறி வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் மப்ளர், தோளில் கேன்வாஸ் பை. லூர்துசாமி வரும்வரை வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. "ஒருத்தர் இல்லாதப்ப இன்னொருத்தர்கிட்ட நான் பேசுறதில்லைம்மா" என்றார். காபி கொடுத்தேன். வேலை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

வெடிப்பை அடி அடியாக அளந்தார். கற்களுக்கு நடுவே கலவையை ஆணியால் சுரண்டினார், ஆணி இறங்கவில்லை. ஒரு கட்டியைப் பெயர்த்துச் சொம்புத் தண்ணீரில் போட்டார். அரை மணி நேரம் கழித்து எடுத்து நசுக்கிப் பார்த்தார். அது கரையவுமில்லை, உதிரவுமில்லை.

"கலவை நல்லா இருக்கு. இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல."

லூர்துசாமி முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

பிறகு சார் வெடிப்பின் குறுக்கே நான்கு இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, பக்கத்தில் தேதி எழுதினார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தமாம். சித்திரையில் வந்து பார்த்தபோது நான்கும் முழுசாக இருந்தன. வைகாசிக் கடைசியில் நல்ல மழை. இரண்டு உடைந்தன, இரண்டும் பின்மூலைப் பக்கம்.

மூன்றாம் முறை வந்ததும் அந்த மூலையில் குழி தோண்டச் சொன்னார். லூர்துசாமியே இறங்கித் தோண்டினார். இரண்டரை அடியில் அஸ்திவாரம் முடிந்தது. அதற்குக் கீழே கெட்டி மண் இருக்க வேண்டும். கடப்பாரையோ வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஓட்டுச் சில்லுகள் வந்தன. பிறகு ஒரு நீல நிற ஹவாய் செருப்பு, வார் அறுந்தது.

சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மலை மண்ணுல ஹவாய் செருப்பு எப்படி வரும்? இது கொட்டுன மண்ணு. யாரு கொட்டுனது?"

"இங்க யாரும் கொட்டல சார்" என்றேன் நான்.

"நான்தான் கொட்டினேன்" என்றார் எனக்குப் பின்னால் நின்ற உபகாரம். "எடம் வாங்கின புதுசுல, இவ பார்க்க வர்றதுக்கு முன்னாடி. ரோடு வெட்டின மண்ணு சும்மா கெடச்சுச்சு. பின்னாடி ஒரு பத்தடி சேருமேன்னு நெரவிட்டேன். கொத்தனார்ட்ட சொல்லணும்னு தோணல. வெடிச்சதுக்கப்புறம் சொல்ல வாய் வரல."

லூர்துசாமி கத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் குழிக்குள் நின்றபடியே சொன்னார். "நானும் பார்த்திருக்கணும் சார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறப்ப இந்த மூலையில மட்டும் மண்ணு வெரசா வந்துச்சு. மழைக்கு முன்ன முடிக்கணும்னு அப்படியே விட்டுட்டேன்."

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. டைப் அடித்த நான்கு பக்கம், ஆளுக்கு ஒரு பிரதி. கலவையிலும் கட்டுமானத்திலும் குறையில்லை. நிரவிய மண்ணைப் பற்றி வீட்டுக்காரர் சொல்லவில்லை. மண் இளகியிருந்ததைக் கண்டும் கொத்தனார் ஆழமாகப் போகவில்லை. கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த மூலையிலேயே விழுந்து மண்ணை இறக்கிவிட்டது. சுவரை இடிக்க வேண்டியதில்லை, அடியில் மூன்று மூன்று அடியாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கெட்டி மண் வரை கல் கட்டினால் போதும். பொருள் வீட்டுக்காரர் பொறுப்பு, வேலை கொத்தனார் பொறுப்பு. யாருக்காகவும் ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

உபகாரத்தோடு நான் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், ஊர் பூராவும் பேசியது அவரில்லை, நான்தான் என்பது உறைத்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரும் நிற்கும்போது கித்தேரியம்மாளை நிறுத்தினேன். "நான் சொன்னது பொய். என்ஜினியரு எழுதியிருக்காரு, கேளுங்க" என்று கலவையைப் பற்றிய பத்தியைச் சத்தமாக வாசித்தேன். அவள் என்னை வையவில்லை.

"அந்த வரிய இன்னொருக்க வாசிங்க டீச்சர்" என்றாள்.

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை என்னைப் பிடித்ததற்கு நான் இன்றுவரை கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆடியில் வேலை தொடங்கியது. உபகாரம் லீவு போட்டுவிட்டு லூர்துசாமிக்குக் கல் எடுத்துக் கொடுத்தார். மன்னிப்பு என்று அவர் வாயால் கேட்டாரா என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டதைப் பார்த்தேன். அந்த வருட ஐப்பசி மழை போன வருடத்தைவிடப் பலமாக அடித்தது. வீடு அசையவில்லை.

மழை விட்ட ஒருநாள் லூர்துசாமி வந்தார். பெருமாள்மலையில் ஒரு விடுதி கட்டும் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"என்ஜினியர் சாருக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும் டீச்சர். சரிவுல எடம். வெடிச்ச பெறகு வந்து பார்க்கிறதவிட, வானம் தோண்டுறப்பவே வந்து பார்த்துச் சொன்னாருன்னா நல்லதுல்ல. விடுதி கட்டுற பார்ட்டிகிட்ட பேசிட்டேன்."

இன்லண்டு லெட்டரின் மேல்பாதியில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே எங்கள் நன்றியைச் சொல்லத் தொடங்கினேன். வீட்டைப் பற்றி, கித்தேரியம்மாளைப் பற்றி, உபகாரத்தைப் பற்றி. இடம் போதவில்லை. இன்னொரு லெட்டர் வாங்கிவர உபகாரத்தை அனுப்பினேன்.