சமதரை மட்டும்

அந்தச் சிவப்பு வண்டியில் இரண்டே இரண்டு இருக்கைகள். அதனால்தான் அது எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது என்றால் என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் வண்டியை விற்கும் புரோக்கர் உட்கார்ந்தாக வேண்டும். 'பாத்து, பாத்து' என்று காதோரம் ஓதிக்கொண்டே வர இவருக்கு இடமில்லை.

நான் பேக்கரி வேன் ஓட்டுகிறவள். ஓட்டினவள் என்று சொல்ல வேண்டும். போன வருடம், ரொட்டித் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டி சரிவில் உருண்டு வந்து என் இடது முழங்காலை வேனோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஆபரேஷன், கட்டு, பயிற்சி எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினால், முதலாளி என்னைப் பொட்டலம் கட்டும் மேசையில் உட்கார வைத்தார். "கிளட்ச் மிதிக்கிற கால் ஆச்சேம்மா" என்றார். டாக்டரும் கியர் இல்லாத வண்டியாகப் பாருங்கள் என்றார். வீட்டிலும் அதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்தக் கால் இனி கிளட்ச் மிதிக்குமா, மிதிக்காதா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். மிதித்தால், சின்ன வயதிலிருந்து வாயைப் பிளந்து பார்த்த மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை, பழையதானாலும் பரவாயில்லை, வாங்குவது. மிதிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு பொட்டலம் கட்டுவது. அப்படித்தான் முடிவு செய்து அந்தப் பழைய கார்க் கடைக்குப் போனேன். இவரும் கூடவே வந்தார்.

"அக்கா, வண்டி வெண்ணெய் மாதிரி போகும்" என்றார் புரோக்கர். அவர் பேச்சுதான் வெண்ணெய். கிளட்ச் கருங்கல். முதல் மிதியிலேயே முழங்காலுக்குள் ஒரு இழு இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கியர் போட்டேன். வேனில் கிளட்ச்சைக் கொஞ்சம் விட்டாலே வண்டி அசையும். இதில் காலை முக்கால்வாசி தூக்கிய பிறகுதான் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கடை வாசலில் கைகளைப் பிசைந்தபடி இவர் நின்றுகொண்டிருந்தார்.

போகப் போகக் கால் கனத்தது. நிற்கும் இடத்தில் எல்லாம் தொடை விறுவிறுத்தது. 'அவ்வளவுதானா நீ?' என்று என் காலையே திட்டிக்கொண்டு ஓட்டினேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. எந்தச் சந்திப்பு வந்தாலும் புரோக்கர், "வலது பக்கம் போயிடலாங்க்கா" என்றார். நான் ரொட்டி போடாத தெரு இந்த ஊரில் கிடையாது. வலது பக்கம் முழுக்கச் சமதரை. இடது பக்கம் திரும்பினால் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் மேட்டுச் சாலை.

"ஏன் தம்பி, இடது பக்கம் போனா என்ன?"

"அது... டிராஃபிக் ஜாஸ்தி."

"இந்த நேரத்துலயா? யார்கிட்ட கதை விடுறே?"

அவர் மென்று முழுங்கினார். "உங்க வீட்டுக்காரர் காலையில போன் பண்ணாருங்க்கா. மேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாதீங்க, சமதரையில ஓட்டி ஜெயிச்சிட்டு வரட்டும், ரொம்ப ஆசைப்படுறாங்கன்னு சொன்னாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாளும் அவர் என்னைத் தடுக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். தடுத்திருந்தால் கூடத் தேவலை. இவர் எனக்குப் பரீட்சைத் தாளை அல்லவா முன்கூட்டியே வாங்கிக் கொடுக்கிறார்! சமதரையில் வெண்டைக்காய்த் தள்ளுவண்டிகூட ஓடும். இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டேன்.

"அக்கா, வேணாங்க்கா..."

மேட்டில் பாதி ஏறியதும் சிக்னல் விழுந்தது. பின்னாலேயே ஒரு லாரி வந்து ஒட்டி நின்றது. பச்சை வந்ததும் கால் நடுங்கி, கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி அணைந்தது. லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் வேணா ஓட்டட்டுமா?" என்றார் புரோக்கர்.

"உக்காரு பேசாம."

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, காலை மெல்ல, மிக மெல்லத் தூக்கினேன். முழங்கால் கதறியது. தூக்கிக்கொண்டே இருந்தேன். வண்டி பின்னால் ஒரு விரல்கூட நழுவவில்லை. ஏறியது. என் கால்தான் ஏற்றியது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

ஆனால் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வேகம் ஏறவில்லை. கருகல் வாசனை வேறு. வேன் ஓட்டிய எனக்கு அந்த வாசனை தெரியாதா? கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. தேய்ந்த கிளட்ச் மிதிக்கவும் கல்லாகத்தான் இருக்கும். இவ்வளவு நேரமும் நான் திட்டியது பாவம், தப்பான ஆளை.

"தம்பி, மேட்டுக்குப் போகாதீங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னதும் உனக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி இருந்திருக்குமே?"

புரோக்கர் அசடு வழிந்தார். "லேசாத்தாங்க்கா தேஞ்சிருக்கு."

கடை வாசலில் இறங்கியபோது நொண்டினேன். இவர் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? கால் முடியலையா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. கிளட்ச்தான் போச்சு. நீங்க ஏற்பாடு பண்ணின சமதரையில அது தெரிஞ்சிருக்காது. கிளட்ச் போன வண்டியைத் தலையில கட்டிக்கிட்டு, என் கால் போச்சுன்னு நான் காலமெல்லாம் நம்பியிருப்பேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "நீ தோத்துட்டு வர்றதை என்னால பாக்க முடியாதும்மா" என்றார். அந்தக் குரலைக் கேட்டு என் கோபம் பாதியில் நின்றது. பாதிதான்.

"தோத்தா நான்தானே தோக்கப்போறேன்? அதையும் எனக்கே விட்டுடுங்க."

பிறகு புரோக்கரிடம் திரும்பி, உன் செலவில் புது பிளேட் போடு, போட்டதும் நான் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் விலை பேசுவேன் என்றேன். அவர் முனகினார். நான் நகரவில்லை. கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் வண்டி தயாரானது. "இந்தத் தடவை நீ வர வேணாம் தம்பி" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கைக் கதவை இவருக்குத் திறந்துவிட்டேன். இவர் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினார். இப்போது கிளட்ச் இதமாக இறங்கியது. வலி இருந்தது, என் வலி, எனக்குப் பழகிய வலி.

நேராக மேட்டுக்கு விட்டேன். இவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிக்னல் பச்சையாக இருந்தது, தாண்டினேன். அதற்கு மேலே, சாலை இன்னும் செங்குத்தாகும் இடத்தில், முன்னும் பின்னும் ஒரு வண்டிகூட இல்லாதபோது, பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்டே?"

"கிளம்புறதை நீங்க பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, இடது காலை மெல்லத் தூக்கினேன்.