டெஸ் இறங்க வேண்டிய குளம்

"நம்ம வீட்டு நீச்சல் குளம்னா இறங்குறேன். ஊரே வேடிக்கை பாக்க ஆஸ்பத்திரித் தொட்டியில தத்தளிக்க என்னால ஆகாது" என்று டெஸ் சொன்னபோதே, அது தட்டிக்கழிக்கிற பேச்சு என்று அவர் மனைவி கோரலுக்குத் தெரியும். பக்கவாதத்தில் இடது பக்கம் துவண்டுபோன மனுஷன். தண்ணீருக்குள் நடந்து பழகினால்தான் கால் தேறும், நாளைக் கடத்தினால் சக்கர நாற்காலியே கதி என்று பயிற்சி கொடுக்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் படுத்த நாளிலிருந்து கொல்லைக் குளம் பச்சைப் பசேலென்று கிடந்தது. தவளைகளுக்குத்தான் கொண்டாட்டம். அந்தத் தைரியத்தில்தான் அவர் வாக்கே கொடுத்தார்.

கோரல் விடுவதாக இல்லை. அதுவரை குளத்து வேலை எதையும் தொட்டறியாதவள், ஒரு கை பார்த்துவிடுவது என்று ஜாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். பிரிஸ்பேனில் குளம் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். கடைக்காரன் சோதித்துப் பார்த்து மருந்து சொல்வான். அவன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"என்னம்மா, பட்டாணி சூப்பா?"

"உனக்குத்தான் கொண்டாந்தேன், குடி. கிண்டல் பண்ணாம மருந்தைக் குடுப்பா."

வாங்கி வந்த குளோரினை உச்சி வெயிலில் ஊற்றினாள். பொழுது சாய்ந்த பிறகு ஊற்ற வேண்டியது அது. வெயில் அத்தனையையும் தின்று தீர்த்தது. பச்சை பச்சையாகவே இருந்தது. அடுத்து மழை பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் கொட்டித் தீர்த்தது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மழை விட்டதும் பக்கத்து வீட்டு வெய்னைக் கூப்பிட்டாள். "இதோட மல்லுக்கட்ட முடியாது. மொத்தமா இறைச்சுட்டுப் புதுத் தண்ணி விட்டுடலாம்" என்றாள். அவனுக்கும் விவரம் போதாது. உற்சாகமாகப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

குளம் பாதி வற்றியிருந்தபோது, பம்பு இரைச்சலுக்கு மேல் ஒரு கத்தல் கேட்டது.

"நிறுத்து! கோரல், நிறுத்து!"

திரும்பினாள். குளத்து வேலியைப் பிடித்தபடி டெஸ் நின்றுகொண்டிருந்தார். கைத்தடி கூட இல்லை. நாக்கு குழறக் குழறச் சொன்னார்: "மழை... அடியில எல்லாம் தண்ணி. காலி பண்ணினா... தொட்டி மேல கிளம்பிடும்!"

வெய்ன் தலையில் அடித்துக்கொண்டு பம்பை அணைத்தான். ஈரம் ஊறிய மண், உள்ளே பதித்திருக்கிற குளத்துத் தொட்டி காலியானால் அதை அப்படியே மேலே தள்ளிவிடும். கோரலின் காதில் அதெல்லாம் விழவில்லை. அவள் பார்த்தது அவர் கால்களை.

"நடந்தா வந்த?"

"பின்ன, பறந்தா வந்தேன்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெய்ன் நாசூக்காகப் பம்பைக் கழுவப் போனான்.

அதற்குப் பிறகு டெஸ் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ண ஆரம்பித்தார். "அங்க தேய்க்கல. ஏமாத்தாத." கோரல் தலைப்பிரட்டைகளை வாளியில் அள்ளி ஓடையில் விட்டாள், இலைகளை வாரினாள், பாதியாய் நின்ற குளத்தைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினாள், பொழுது சாய்ந்த பிறகே மருந்து ஊற்றினாள். பச்சை பால்வெள்ளையாக மாறி, ஒரு காலையில் அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

டெஸ் படியருகே வந்து நின்றார். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். மறுநாள் தண்ணீர் சில்லென்று இருக்கிறதாம். அதற்கடுத்த நாள் முதுகு வலிக்கிறதாம்.

"இங்க யாரும் பாக்கல டெஸ். இன்னும் என்ன?"

"நான் முங்கினா நீ சும்மா நிக்க மாட்ட. பிடிக்க வருவ. உனக்கு நீச்சல் தெரியாது, கண்ணு. உன்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிடுவேன்."

இத்தனை நாள் ஊரார் பார்வை என்று அவர் சொன்னதெல்லாம் இதைத்தான் என்று கோரலுக்கு விளங்கியது. அந்தக் குளத்தில் ஒருநாளும் இறங்கியவள் இல்லை அவள். கரையில் உட்கார்ந்து டீ குடித்ததோடு சரி. செருப்பை உதறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டிய பாவாடையோடு படியிறங்கினாள். தண்ணீர் நெஞ்சளவுக்கு ஏறியது. திரும்பி நின்று ஒரு கையை நீட்டினாள்.

"நீந்தத்தான் தெரியாது. நிக்கத் தெரியும். வா."

டெஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வராத இடது காலை முதல் படியில் வைத்தார்.